சம்பவம் இல்லாத புண்

புறத்திணையை வகுப்பில் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் தமிழாசிரியர்களாகிய நாங்கள் புண்ணைப் பற்றி விரிவாகப் பேசுகிறோம். மார்பில் பட்டது விழுப்புண். முதுகில் பட்டது புறப்புண். முன்னது புகழுக்குரியது, பின்னது நாணத்துக்குரியது. வெண்ணிக் களத்தில் கரிகாலனோடு பொருது, முதுகிலும் புண்பட்டதற்கு நாணி வடக்கிருந்து உயிர்நீத்த சேரமான் பெருஞ்சேரலாதனைப் பற்றிச் சொல்லும்போது வகுப்பு தானாகவே அமைதியாகிவிடும். புண் இருக்கும் இடத்தைக் கொண்டே ஒரு வீரனின் வாழ்க்கைக்குப் பொருள் சொல்லிவிடலாம் என்ற உறுதியான நம்பிக்கை அந்தக் கவிதைகளில் இருக்கிறது.

இந்த இருவகைப் புண்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இரண்டுக்கும் ஒரு நாள் இருக்கிறது, ஒரு களம் இருக்கிறது, படைக்கலத்தை எறிந்தவன் ஒருவன் இருக்கிறான். அதாவது, ஒரு சம்பவம் இருக்கிறது. சம்பவமே இல்லாத புண்ணை நாம் என்ன பெயரிட்டு அழைப்பது? இரத்த அழுத்தமாக, முதுகுத்தண்டின் தேய்மானமாக, செவியின் மந்தமாக, உறக்கம் வராத இரவாகச் சிறுகச் சிறுக உடலில் குடியேறும் புண் அது. எந்த நாளில் பட்டது என்று அதைச் சுமப்பவனுக்கே தெரியாது.

எங்கள் குடும்பம் 2007-லிருந்து 2020 வரை, பதின்மூன்று ஆண்டுகள், இந்தக் கேள்வியோடு வாழ்ந்தது. முன்னாள் படைவீரர் ஒருவரின் ஊனமுற்றோர் ஓய்வூதியத்தைப் பற்றி இலக்கிய நண்பர்களிடம் எதற்குப் பேச வேண்டும் என்று தோன்றலாம். அந்த வழக்கு பணத்தைப் பற்றியதாக இருந்ததைக் காட்டிலும் சொல்லைப் பற்றியதாகவே இருந்தது என்பதுதான் காரணம்.

*

வேலூர் மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரைத் தேடுவது கடினம். கம்மவான்பேட்டைக்கு ‘இராணுவப்பேட்டை’ என்றே ஒரு பெயர் வழங்குகிறது. மானாவாரி நிலமும் மணல் மட்டுமே ஓடும் பாலாறும் உள்ள பகுதியில், பத்தாம் வகுப்பு முடித்த பையனுக்குப் பட்டாளம் என்பது வீரத்துக்கும் முன்னால் மாதச் சம்பளம். எங்கள் சித்தப்பாவும் அப்படித்தான் 1985-இல், தம் பதினெட்டாம் வயதில் சேர்ந்தார். ஆள்சேர்ப்பின்போது மருத்துவர்கள் தலைமுதல் கால்வரை சோதித்து, குறை ஏதுமில்லை, தகுதியுடையவர் என்று எழுதினார்கள். அந்தக் குறிப்பை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையின் முதல் ஆவணம் அது.

அவர் துப்பாக்கியைவிட அதிகமாகப் பிடித்தது ‘ஸ்டியரிங்’கைத்தான். வண்டியோட்டி. இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் வடகிழக்கு மலைகள், பஞ்சாப், இருமுறை லடாக். ஸ்ரீநகரிலிருந்து சோஜி லா கணவாயைக் கடந்து லே நகருக்குச் செல்லும் சாலையைப் பற்றி அவர் சொல்லி நாங்கள் நிறையக் கேட்டிருக்கிறோம். கணவாயின் உயரம் ஏறத்தாழ 3,500 மீட்டர். குளிர்காலத்தில் பனி மூடிவிடும் சாலை அது. திறந்திருக்கும் மாதங்களுக்குள், மேலே இருக்கும் படைகளுக்குக் குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய அரிசி, மண்ணெண்ணெய், வெடிபொருள் அனைத்தையும் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். மூச்சுக்கே சிக்கனம் பார்க்க வேண்டிய உயரத்தில், விடியுமுன் கிளம்பி, வரிசை குலையாமல் மணிக்கணக்காக ஓட்ட வேண்டும்.

1999 கோடையில் கார்கில் போர் நடந்தபோது, அந்தச் சாலையின் ஒரு பகுதி மலைமுகட்டில் இருந்த எதிரிகளின் பார்வைக்குள் இருந்தது. பீரங்கிக் குண்டுகள் சாலையைக் குறிவைத்து விழுந்தன. அதனால் வண்டிகள் இரவில், முகப்பு விளக்கை அணைத்துவிட்டு ஓடின. அப்படி ஓட்டியவர்களில் சித்தப்பாவும் ஒருவர். அவர்மேல் குண்டு படவில்லை. அவர் வண்டி பள்ளத்தில் விழவில்லை. வீட்டுக்கு வந்த கடிதங்களில் எல்லாம் ‘நலம், நலமறிய ஆவல்’ என்றுதான் இருந்தது. நாங்கள் பதில் எழுதிய முகவரியில் அவருடைய எண், பெயர், படைப்பிரிவு, ‘மேற்பார்வை 56 ஏ.பி.ஓ.’ ஆகியவை இருக்கும். ஊர்ப்பெயர் இருக்காது. அவர் எங்கே இருக்கிறார் என்பது அந்த முகவரியிலிருந்து யாருக்கும் தெரியாது. பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஆனால் ஒரு மனிதனின் வாழ்விலிருந்து ஊர்ப்பெயர்கள் அழிந்துபோவது பிற்பாடு அவனுக்கு எதிராகவே பயன்படக்கூடும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

2001-இல் மலையிலிருந்து இறங்கி, சமவெளியில் உள்ள ஒரு முகாமுக்கு மாற்றப்பட்டார். பட்டாளத்தின் மொழியில் அது ‘பீஸ் ஸ்டேஷன்’, அமைதி நிலையம். மறு ஆண்டு மருத்துவச் சோதனையில் உயர் இரத்த அழுத்தம் கண்டறியப்பட்டது. வீரர்களின் உடல்நிலையை ‘ஷேப்’ என்று ஐந்து எழுத்துகளாகப் பிரித்து மதிப்பிடுவது இந்தியப் படையின் வழக்கம்: மனநிலை, செவி, கைகால், உடல், கண். நான்கில் அவர் முதல் தரத்திலேயே நின்றார். நான்காம் எழுத்தாகிய உடலில் மட்டும் இரண்டாம் தரத்துக்கு இறங்கினார்.

அந்த ஓர் எழுத்தின் விளைவு 2007-இல் தெரிந்தது. நாயக் பதவியில் இருந்தவருக்கு இருபத்திரண்டு ஆண்டு முடிந்ததும் மேலும் இரண்டு ஆண்டு நீட்டிப்புக் கிடைத்திருக்க வேண்டும். உடல்தரம் குறைந்தவர் என்பதால் நீட்டிப்பு மறுக்கப்பட்டது. வெளியேறும்போது கூடிய மருத்துவக் குழு அவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதையும், ஊனத்தின் அளவு ஆயுள் முழுமைக்கும் 30 விழுக்காடு என்பதையும் ஏற்றது. அடுத்த வரியில், இந்நோய் படைப்பணியால் நேர்ந்ததுமன்று, படைப்பணியால் மிகுந்ததுமன்று என்று எழுதியது. பணியைத் தொடரவிடாத அளவுக்குப் பெரிய நோய். ஆனால் பணிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரே கட்டுத் தாளில் இரண்டு வாக்கியங்களும் அருகருகே இருந்தன.

*

மருத்துவக் குழு ஆவணங்களில் இந்த இரண்டாம் வாக்கியத்தை முழுதாக எழுதுவதில்லை. அதன் ஆங்கில முதலெழுத்துகள் நான்கையும் சேர்த்துச் சுருக்கிவிடுகிறார்கள். எழுத்துக் கூட்டி வாசித்தால் ‘நானா’ என்று வரும். பட்டாளத்தில் அது ஒரு கலைச்சொல். தமிழ்க் காதுக்கோ அது ஒரு கேள்வி. உன் உடம்பு இப்படி ஆனதற்குக் காரணம் நானா என்று அரசு ஒரு வீரனைப் பார்த்துக் கேட்பதுபோல் இருக்கிறது. எங்கள் வீட்டில் நெடுநாள் அந்தத் தாளுக்கே ‘நானா கடுதாசி’ என்று பெயர் வழங்கியது.

சித்தப்பா முதலில் மேல்முறையீடு செய்யவே விரும்பவில்லை. பணிக்கால ஓய்வூதியம் வருகிறது, அது போதும் என்றார். பணத்தைப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஊனத்துக்கான தொகை, நூறு விழுக்காடு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு என்று கணக்கிடப்படுகிறது. ஊனம் குறையக் குறையத் தொகையும் அதே அளவில் குறையும். 30 விழுக்காடு ஊனத்துக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்பது ரூபாய். அதற்காக வெளியூர் அலுவலகங்களுக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டுமா என்பது அவர் கேள்வி.

சித்திதான் விடவில்லை. “காசுக்கு இல்லீங்க. இந்தத் தாளை வெச்சுப் பார்த்தா, நோயை நீங்களே ஊர்லருந்து கொண்டுபோன மாதிரி இல்ல இருக்கு” என்றார். பெயரும் எண்ணும் வெள்ளைச் சாயத்தில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியிலிருந்து எல்லாத் தாள்களையும் எடுத்து எங்கள் முன் பரப்பினார். குடும்பத்தில் படித்தவர்கள் என்ற முறையில் அவற்றை வாசித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு எங்களுக்கு வந்தது. 

அந்தத் தாள்களுள் ஒன்று எங்களை மிகவும் யோசிக்க வைத்தது. வெளியேறும் வீரனின் சொந்த வாக்குமூலப் படிவம் அது. நோய் எப்போது தொடங்கியது, படையில் சேருமுன் இருந்ததா என்பன போன்ற கேள்விகளுக்குப் பின், உங்கள் ஊனத்துக்குக் காரணமானதாகவோ அதை மோசமாக்கியதாகவோ நீங்கள் கருதும் சம்பவங்களை விவரியுங்கள் என்று ஒரு கேள்வி. அதன் எதிரே சித்தப்பாவின் கையெழுத்தில் ஒரே சொல்: ‘நில்’. ஒன்றுமில்லை.

ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்டோம்.

“என்ன சம்பவம் எழுதறது? குண்டு பட்டுதா? கால் போச்சா? வண்டி ஓட்டினேன். வண்டி ஓட்டறதை எல்லாம் சம்பவம்னு எழுதுவாங்களா? வரிசையில நின்ன எல்லாரும் நில்லுன்னுதான் எழுதினாங்க.”

அந்தப் பதிலில் கபடமில்லை, பணிவும்கூட இல்லை. மனிதர் தம் வாழ்க்கையைத் தாம் புரிந்துகொண்ட விதம் அது. விழுப்புண் என்றால் என்ன என்று நாங்கள் வகுப்பில் கற்பித்துக்கொண்டிருந்ததைத்தான் அவரும் நம்பினார். குருதி வராதது புண்ணாகாது. இருபத்திரண்டு ஆண்டுகள் அன்றாடம் நடந்தது சம்பவமாகாது.

*

சட்டம் இப்படிச் சொல்லவில்லை என்பதுதான் வியப்பு. தாள்களைத் தொடர்ந்து வாசித்தபோது நாங்கள் அறிந்துகொண்டவற்றில், பிறருக்கும் உதவக்கூடிய சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

தரைப்படையின் 1961-ஆம் ஆண்டு ஓய்வூதிய ஒழுங்குமுறைகளின்படி இந்த ஓய்வூதியத்துக்கு இரண்டு நிபந்தனைகள். ஊனம் 20 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அது படைப்பணியால் நேர்ந்ததாகவோ மிகுந்ததாகவோ இருக்க வேண்டும். இரண்டாவதை எப்படி முடிவுசெய்வது என்பதற்கு 1982-ஆம் ஆண்டின் உரிமை விதிகள் இருந்தன. அவற்றின் ஐந்தாம் விதி, சேரும்போது குறை எதுவும் குறிக்கப்படாதவர் நலமான உடலோடும் மனத்தோடும் சேர்ந்தவராகவே கொள்ளப்பட வேண்டும் என்றது. பின்னர் மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டால், உடல்நலத்தில் உண்டான சரிவு பணியால் வந்ததாகவே கொள்ளப்பட வேண்டும் என்றது. ஒன்பதாம் விதி, தம் உரிமையை மெய்ப்பிக்குமாறு வீரரைக் கேட்கக் கூடாது, நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பயன் அவருக்கே சேர வேண்டும் என்றது. சேரும் முன்பே கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று மருத்துவர்கள் கருதினால், அதற்கான காரணங்களை எழுத வேண்டும் என்று பதினான்காம் விதி கேட்டது.

அதாவது, மெய்ப்பிக்க வேண்டிய சுமை அரசின்மேல். ‘நானா’ என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டியது கேட்டவரேதான். நடைமுறையிலோ சம்பவத்தைக் கொண்டுவா என்று படிவம் வீரரிடம் கேட்டது. சம்பவம் இல்லை என்று அவர் எழுதியதும் கோப்பு மூடப்பட்டது. விதி ஒரு மொழி பேசியது, படிவம் வேறொரு மொழி பேசியது. அலுவலகங்களில் இறுதியில் வெல்வது படிவத்தின் மொழிதான்.

சித்தப்பாவின் முதல் மேல்முறையீட்டுக்கு 2008-இல் வந்த மறுப்பில் ஒரே ஒரு காரணம் இருந்தது: நோய் அமைதி நிலையத்தில் தொடங்கியிருக்கிறது. களப்பணிக்கும் நோய்க்கும் நெருங்கிய காலத்தொடர்பு இல்லை. பாலாற்றங்கரையில் பிறந்த எவருக்கும் இதைக் கேட்டால் சிரிப்பு வரும். எங்கள் பாலாறு கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றுவது. அபூர்வமாக என்றாவது அதில் வெள்ளம் வந்தால், வேலூரில் மழை பெய்யவில்லையே, இது எப்படி மழைத்தண்ணீர் ஆகும் என்று நாங்கள் கேட்பதில்லை. மழை எங்கோ பெய்கிறது. தண்ணீர் தனக்கான நேரத்தை எடுத்துக்கொண்டு வந்து சேர்கிறது. உடம்பும் அப்படித்தான். மலையில் இருக்கும்போது அது வேலையை முடிக்கப் பார்க்கிறது. சமவெளிக்கு இறங்கிய பிறகே கணக்கைக் காட்டுகிறது.

மறுபக்கத்து வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஊரில் இருப்பவர்களுக்கும் வருகின்றன. அவற்றை வாழ்க்கைமுறை நோய்கள் என்கிறோம். மேல்பதவியில் இருந்தவர்கள் சிலர் வெளியேறும் தறுவாயில் இந்தச் சலுகையைத் தேடிக்கொள்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு பல ஆண்டுகளாகவே உண்டு. பொதுப்பணம் என்பதால் அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டியதே. ஆனால் சந்தேகத்தின் பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். எதை எங்கே எழுத வேண்டும் என்று அறிந்தவர்கள் எப்படியும் எழுதிக்கொள்வார்கள். ‘நில்’ என்று எழுதுபவர்கள் வண்டியோட்டிகளும் சமையல்காரர்களும் காவல்நின்ற சிப்பாய்களும்தான். மேலும் ‘வாழ்க்கைமுறை’ என்ற சொல், வாழ்க்கையைத் தானே தெரிவுசெய்துகொண்டவனுக்குப் பொருந்தும். எப்போது உறங்குவது, என்ன உண்பது, எங்கே வாழ்வது, மனைவி மக்களை எப்போது பார்ப்பது என்ற எதையும் இருபத்திரண்டு ஆண்டுகள் தாமே தீர்மானிக்காத ஒருவரின் வாழ்க்கைமுறை யாருடையது?

*

வேலூர் லாங் பஜாரில் உள்ள மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த பெரும் போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றார்கள், அவர்களுள் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்பது அதன் செய்தி. காய்கறியும் மளிகையும் வாங்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்க்காமலே கடந்துபோகும் கல் அது. சித்தப்பாவின் வழக்குக் காலத்தில் நாங்கள் பலமுறை அதன் முன் நின்றிருக்கிறோம். 277-இலிருந்து 14-ஐக் கழித்தால் 263. அந்த 263 பேருக்கு என்ன ஆயிற்று? எத்தனை பேர் இருமிக்கொண்டு வந்தார்கள், எத்தனை பேர் இரவில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்? கல்லில் அவர்களுக்கு வாக்கியம் இல்லை.

இதே வட தமிழகம்தான் நடுகற்களின் நிலமும். செங்கம் வட்டாரத்துப் பல்லவர் காலக் கற்கள் தமிழ் கற்றவர்கள் அனைவரும் அறிந்தவை. நடுகல்லின் வாசகம் பெரும்பாலும் ஓர் அமைப்பில் வரும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தத் தலைவனின் சேவகன், எந்த ஊர்த் தொறுவைக் கவர்ந்தபோது அதை மீட்டுப் பட்டான் என்ற வரிசை அது. எடுத்தனூர்க் கல் ஒன்றில், வீரனோடு நின்று கள்ளரைக் கடித்த நாய்க்கும் கோவிவன் என்று பெயர் பொறித்திருக்கிறார்கள். ஓய்வூதியத் தாள்களோடு மல்லாடிய காலத்தில் அந்த வாசகங்களை மறுபடி வாசித்தபோது அவை எங்களுக்கு வேறுவிதமாகத் தெரிந்தன. நடுகல் வழிபாட்டுக்குரியது, கலைப்பொருள், மொழி வரலாற்றுச் சான்று, எல்லாம் சரி. அதற்கும் அடியில் அது ஒரு சான்றிதழ். இந்த மனிதனின் சாவு இந்தப் பணியால் நேர்ந்தது என்று ஊர் கூடிக் கல்லில் எழுதிக்கொடுத்த ஒப்புதல். இறந்த வீரரின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விடும் வழக்கமும் இருந்தது. நிலத்துக்கு முன்னால் வாக்கியம் வேண்டும்.

ஆனால் நடுகல்லும் இறந்தவனுக்குத்தான். புண்பட்டு வீடு திரும்பியவனுக்கு நம் மரபில் என்ன இருக்கிறது? தேடிப் பார்த்தால் காஞ்சித்திணையில் ஒரு துறை கிடைக்கிறது. தொடாக்காஞ்சி. புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் தீண்டாதபடி மனைவி காவல் காக்கும் துறை. வீட்டில் வேப்பிலை செருகி, வெண்சிறுகடுகு சிதறி, மணி ஒலித்து, காஞ்சிப் பண் பாடி அவள் விழித்திருக்கிறாள். புறநானூற்றில் அரிசில் கிழார் இக்காட்சியைப் பாடியிருக்கிறார். போர் முடிந்த பிறகு போரின் மிச்சம் எங்கே நடக்கிறது என்று அறிந்த துறை இது: வீட்டுக்குள், இரவில், ஒரு பெண்ணின் கண்முன்.

சித்தப்பா இரவில் எழுந்தால் விளக்கைப் போடமாட்டார். கொல்லைப்புறம் போனாலும் இருட்டிலேயே போய் இருட்டிலேயே வருவார். கண் பழகிவிட்டது, விளக்குப் போட்டால்தான் படபடக்கிறது என்பார். ஒருமுறை அம்மிக்கல்லில் இடித்துக்கொண்டு விழுந்தார். அதன்பின் சித்தி கூடத்து மூலையில் ஒரு சிறிய விளக்கை, அவர் கண்ணில் நேராகப் படாதபடி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்து எரியவிடத் தொடங்கினார். இரவு ஒன்பது மணிக்கு மாத்திரை. மாதம் ஒருமுறை அழுத்தத்தை அளந்து பள்ளி நோட்டில் தேதியோடு எழுதிவைப்பது. எந்தத் தாள் எந்த உறையில் இருக்கிறது என்ற நினைவு. இவைதாம் எங்கள் சித்தியின் வேப்பிலையும் வெண்சிறுகடுகும். அந்த நோட்டில் எழுதியிருந்த எதற்கும் படிவத்தில் இடம் இல்லை.

*

இரண்டாம் மேல்முறையீடும் மறுக்கப்பட்டபின் சில ஆண்டுகள் எதுவும் நடக்கவில்லை. பிறகு வெளியே சில மாற்றங்கள் வந்தன. 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1985-இல் படையில் சேர்ந்து, வலிப்புநோய் காரணமாக 1994-இல் வெளியேற்றப்பட்ட வீரர் ஒருவரின் வழக்கு அது. விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, மருத்துவக் குழு காரணம் எதுவும் எழுதாமல் தொடர்பில்லை என்று சொல்லிவிட முடியாது, சேரும்போது குறிக்கப்படாத நோய் பணியால் வந்ததாகவே கருதப்பட வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில், ஊன விழுக்காட்டை மேல்நோக்கி முழுமையாக்கும் பயன், பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கும் உண்டு என்று ஆனது. அதன்படி 50-க்குக் குறைந்த ஊனம் 50 என்று கொள்ளப்படும். படைவீரர்களின் வழக்குகளை விசாரிக்க 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலும் ஓர் அமர்வு இருந்தது.

2016-இல் நாங்கள் அந்தத் தீர்ப்பாயத்தை நாடினோம். சித்தியின் டிரங்குப் பெட்டித் தாள்களைப் புரட்டிய வழக்கறிஞர் இரண்டை மட்டும் எடுத்து மேசைமேல் தனியாக வைத்தார். சேர்ந்தபோது எழுதிய மருத்துவக் குறிப்பு ஒன்று, வெளியேறியபோது எழுதியது மற்றொன்று. “இதில் நோய் இல்லை. இதில் நோய் இருக்கிறது. நடுவில் இருந்தது பணி. இதற்குமேல் கதை எதுவும் வேண்டியதில்லை” என்றார். அத்தனை ஆண்டுகளாக நாங்கள் ஒரு சம்பவத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். சம்பவம் என்பது அந்த இரண்டு தாள்களுக்கும் இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டுகள்தான்.

2018-இல் ஆணை வந்தது. நோய் படைப்பணியால் மிகுந்தது. 30 விழுக்காடு ஊனம் 50 ஆகக் கொள்ளப்படும். நிலுவைத்தொகை மனுவுக்கு முந்தைய மூன்றாண்டுகளுக்கு மட்டும். இத்தகைய தாமதமான கோரிக்கைகளில் மூன்றாண்டு வரம்பு என்பது 2008-லேயே உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி. ஆகவே 2007 முதல் 2013 வரையிலான தொகை போனது போனதுதான். ஆணையை நிறைவேற்றக் கோரி மீண்டும் ஒரு மனுப் போட்டு, திருத்திய ஓய்வூதிய ஆணை கைக்கு வரும்போது 2020 ஆகிவிட்டது.

தீர்ப்பின் நகலைச் சித்தப்பா எங்களிடம் கொடுத்து, தமிழில் சொல்லச் சொன்னார். இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கு நடுவில்தான் வழக்கே இருந்தது. ஒன்று, பணியால் நேர்ந்தது. மற்றொன்று, பணியால் மிகுந்தது. ‘மிகுந்தது’ என்பது அவருக்கு விளங்கவில்லை. மோசமானது, கூடியது, முற்றியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, “பணி இந்த நோயை வளர்த்தது என்று எழுதியிருக்கிறார்கள் சித்தப்பா” என்றோம்.

சற்று யோசித்தார். “வளர்த்ததுன்னுதான் ஒத்துக்கிட்டாங்க. பெத்ததுன்னு ஒத்துக்கலை, இல்ல?”

அடுக்களையிலிருந்து சித்தி சொன்னார்: “பெத்தா என்ன, வளர்த்தா என்ன? யாரு புள்ளைன்னு கேட்டதுக்கு, ஊருக்கு முன்னால ஆமாம்னு சொல்லிட்டாங்க இல்ல. விடுங்க.”

இரு சட்டக் கலைச்சொற்களை இதைவிடத் துல்லியமாக மொழிபெயர்க்க எங்களால் இயலாது.

*

அதன் பின்னும் விதிகள் மாறின. 2023 செப்டம்பரில், அதற்குப்பின் வெளியேறுபவர்களுக்காகப் புதிய உரிமை விதிகள் வந்தன. பெயர்கள்கூட மாறின, ஊனத்தோடு பணியைத் தொடர்ந்து முடித்தவர்கள் பெறுவது இப்போது ஓய்வூதியம் என்றில்லாமல் நிவாரணம் என்று அழைக்கப்படுகிறது. ஓய்வூதியம் உரிமையைச் சொல்லும் சொல். நிவாரணம் இரக்கத்தைச் சொல்லும் சொல். பழைய விதிகளின்கீழ் தீர்ப்பாயங்கள் வீரர்களுக்குச் சாதகமாக வழங்கிய ஆணைகளை எதிர்த்து அரசு தொடுத்த ஏறத்தாழ 300 மனுக்களை, 2025 ஜூலையில் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நோய் அமைதி நிலையத்தில் தொடங்கியது என்பது மட்டும் மறுப்புக்குக் காரணமாகாது என்பதை அந்தத் தீர்ப்பு வலியுறுத்தியது. சித்தப்பாவுக்கு 2008-இல் சொல்லப்பட்ட அதே காரணம். ஒவ்வொரு மனுவுக்குப் பின்னாலும் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பள்ளி நோட்டும் இருக்கும் என்றே நாங்கள் எண்ணுகிறோம்.

எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து இப்போதும் ஓய்வுபெறும் தறுவாயில் சிலர் படிவங்களோடு வருகிறார்கள். கல்லூரி வாத்தியார் வீட்டில் எழுதிக் கொடுப்பார்கள் என்ற பேச்சு பரவியிருக்கிறது. சட்டம் சொல்லித்தர நாங்கள் வழக்கறிஞர்கள் அல்லர். அதற்கு உரியவர்களிடம் அனுப்பிவைக்கிறோம். ஆனால் சம்பவங்களை விவரியுங்கள் என்ற அந்தக் கட்டத்துக்கு வரும்போது மட்டும் ‘நில்’ என்று எழுதவிடுவதில்லை. பெரிதாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை. நடுகல்லில் எழுதுவதுபோல் எழுதினால் போதும் என்கிறோம். எந்த ஆண்டு, எந்த ஊர், யாருடைய படைப்பிரிவு, என்ன வேலை. 56 ஏ.பி.ஓ. என்பதற்குப் பின்னால் மறைந்துபோன ஊர்ப்பெயர்களை அவர்கள் ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து சொல்லச் சொல்ல, அந்தச் சிறிய கட்டம் நிரம்பி, தாளின் ஓரத்துக்கு வந்து, தனித்தாள் இணைக்க வேண்டியதாகிறது.